லசானியாவில் நீர் எங்கே போகிறது?

லசானியாவை முதன்முறை செய்து பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். வெட்டியதும் அடுக்குகள் வழுக்கி விலகி, தட்டு முழுக்கச் சாஸ் ஓடும். துண்டு என்று எதையும் தூக்கி வைக்க முடியாது. அல்லது நடுப்பகுதி சுமாராக இருக்க, ஓரங்களில் பாஸ்தா வேகாமல் விறைத்துப் பல்லைப் பதம் பார்க்கும். முதலாமவர் அடுத்த முறை சீஸை அள்ளிப் போட்டு ஒட்டவைக்கப் பார்க்கிறார். இரண்டாமவர் ஓவன் சூட்டைக் கூட்டுகிறார். இரண்டும் உதவாது. சீஸ் பசையல்ல, சூடு கூடினால் ஓரம் இன்னும் காயும். இரண்டு பேருக்கும் தப்பிப்போனது ஒரே கணக்குதான்: நீர்க்கணக்கு.

லசானியா என்பது நீர் நிறைந்த சில பொருட்களையும் கிட்டத்தட்ட நீரே இல்லாத ஒரு பொருளையும் மாற்றி மாற்றி அடுக்கி, சூடான அறைக்குள் வைத்து, அவை தமக்குள் நீரைப் பங்கிட்டுக்கொள்ளும்வரை காத்திருக்கும் வேலை. எது எவ்வளவு கொடுக்கும், எது எவ்வளவு வாங்கும் என்று தெரிந்துவிட்டால், செய்முறைப் புத்தகம் இல்லாமலேயே லசானியா செய்யலாம். தெரியாவிட்டால் எவ்வளவு நல்ல செய்முறையும் ஒருநாள் கைவிடும். ஏனென்றால் உங்கள் தக்காளியும் அதை எழுதியவரின் தக்காளியும் ஒன்றல்ல.

கணக்கைத் தொடங்குவோம். தக்காளியில் ஏறக்குறைய 95 சதவீதம் நீர். பாலில் 87. காளானிலும் பசலைக்கீரையிலும் 90-க்கு மேல். கொத்துக்கறியில் மூன்றில் இரண்டு பங்கு நீர்தான். கடையில் பாக்கெட்டில் வரும் மொசரெல்லாவில் பாதிக்குச் சற்றுக் குறைவு. உப்புநீரில் மிதக்கும் புது மொசரெல்லாவில் அதைவிட அதிகம். நன்றாக முதிர்ந்த பார்மசானில் 30 சதவீதம். இந்தக் கூட்டத்தில் வறண்ட ஆள் ஒருவர்தான். உலர்ந்த லசானியா ஷீட்டில் 12 சதவீத அளவுக்கே நீர் இருக்கும். அது வெந்து மென்மையாக வேண்டுமானால் தன் எடைக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ நீரைக் குடித்தாக வேண்டும்.

இருபதுக்கு முப்பது சென்டிமீட்டர் பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் சாப்பிடலாம். அதற்கு 250 கிராம் ஷீட், அதாவது பன்னிரண்டு ஷீட் அளவில் தேவை. இது வேக 250 முதல் 300 கிராம் நீர் வேண்டும். வெள்ளை சாஸுக்கு 750 மில்லிலிட்டர் பால். கொதித்து ஆவியானது போக அதில் 600 கிராம் நீர் மிஞ்சும். இறைச்சிச் சாஸ் முக்கால் கிலோ என்றால் அதில் அரைக் கிலோ நீர். ஆக, கையிருப்பு ஆயிரத்து நூறு கிராம். பாஸ்தா 300 எடுத்துக்கொள்கிறது, ஓவனில் கொஞ்சம் ஆவியாகிறது. மீதி எழுநூறு கிராம் சாஸ்களுக்குள்ளேயே கட்டுண்டு கிடக்க வேண்டும். எல்லாம் தோராயக் கணக்குதான். ஆனால் இந்தத் தோராயமே ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

ஷீட்டை முன்கூட்டியே வேகவைத்து அடுக்கினால், அந்த 300 கிராமை அது வெந்நீர்ப் பானையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கும். சாஸிலிருந்து எடுத்துக்கொள்ள அதற்கு வேலை இல்லை. எனவே அதே சாஸ், அதே அளவு என்றால் முந்நூறு கிராம் நீர் அநாதையாக மிஞ்சும். தட்டில் ஓடுவது அதுதான். மாறாக, வேகவைத்த ஷீட்டுக்கென்று எழுதப்பட்ட கெட்டியான சாஸோடு உலர்ந்த ஷீட்டை அடுக்கினால், குடிக்க நீர் போதாமல் ஓரம் விறைக்கும். உலர் ஷீட் என்றால் இரண்டு சாஸும் தளர்வாக இருக்க வேண்டும். வெந்த ஷீட் என்றால் கெட்டியாக. வெந்ததற்குப் பாலை 500 மில்லிலிட்டராகக் குறைத்துக்கொண்டு, தக்காளியைக் கூடுதல் நேரம் வற்றவிட்டால் போதும். புதிதாகச் செய்பவருக்கு என் சிபாரிசு உலர் ஷீட்தான். கொதிநீரில் வெந்த ஷீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழிந்து படுத்தும் பாட்டுக்கு, சாஸில் ஒரு டம்ளர் பால் கூட விடுவது எளிது.

நடுவழி ஒன்றும் உண்டு. உலர்ந்த ஷீட்டை வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறப்போடுங்கள். அது வளைந்து கொடுக்கும், ஆனால் வேகாது. நீரை உறிஞ்சுவதும் வேகுவதும் வெவ்வேறு வேலைகள் என்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம். நீர் உள்ளே புகுவதற்கு அதிகச் சூடு வேண்டாம், நேரம்தான் வேண்டும். மாவுச்சத்து மணிகள் வீங்கி வெடிப்பதற்குத்தான் சூடு வேண்டும். வேகாத மாவுச்சத்து ஒட்டாது என்பதால் ஊறிய ஷீட்டுகளும் ஒட்டிக்கொள்வதில்லை.

ஷீட்டின் உடம்பு என்ன என்பதையும் பார்த்துவிடலாம். இத்தாலியில் தயாரித்து விற்கும் உலர் பாஸ்தா டியூரம் கோதுமை ரவையில்தான் செய்யப்பட வேண்டும் என்று 1967-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் விதித்தது. டியூரம் கடினமான மணி. அதில் புரதம் அதிகம். நம் ஊரில் சம்பா கோதுமை என்று அறியப்படும் எம்மர் வகை அதற்கு நெருங்கிய சொந்தம். ரவையில் நீர் சேர்த்துப் பிசையும்போது குளூட்டெனின், கிளியடின் என்ற இரு புரதங்கள் பின்னிக்கொண்டு குளூட்டன் வலையாகின்றன. மாவுச்சத்து மணிகள் அந்த வலைக்குள் சிறைப்படுகின்றன. வேகும்போது மணிகள் வீங்கினாலும் வலை அவற்றைக் கூழாகக் கரைந்தோட விடாது. மைதாவில் செய்த மலிவு பாஸ்தா சாஸுக்குள் கரைந்து குழைவதற்குக் காரணம், அந்த வலை பலவீனமாக இருப்பதுதான். போலோன்யா நகரத்து வீடுகளில் லசானியாவுக்கு மென்கோதுமை மாவைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்றாலும், நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை சேர்க்கிறார்கள். சூட்டில் உறையும் முட்டைப் புரதம் அங்கே கூடுதல் வலையாகிறது. நீங்களும் அப்படிப் பிசைந்து பார்க்கலாம். பிசைந்தவுடன் தேய்க்காமல் அரைமணி நேரம் மூடி வைக்க வேண்டும், அவ்வளவுதான். பிசைந்த வேகத்தில் முறுக்கேறிய குளூட்டன் அந்த நேரத்தில் தளர்ந்துவிடும். இல்லாவிட்டால் தேய்க்கத் தேய்க்க மாவு சுருங்கிப் பின்வாங்கும்.

இனி வெள்ளை சாஸ். லசானியாவின் அறிவியலில் பாதி இந்தச் சட்டியில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் பெஷமெல் என்பார்கள், இத்தாலியர்கள் பெஷமெல்லா. 50 கிராம் வெண்ணெய், 50 கிராம் மைதா, 750 மில்லிலிட்டர் பால், உப்பு, ஒரு துளி ஜாதிக்காய்த் துருவல். இவ்வளவு எளிய பட்டியலைக் கொண்டு இவ்வளவு பேர் கட்டி தட்டவைப்பது எப்படி?

கேழ்வரகு மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் என்ன ஆகும் என்று கூழ் காய்ச்சியவர்களுக்குத் தெரியும். முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டுதான் உலையில் ஊற்றுவார்கள். காரணம் இது: மாவுச்சத்து மணி மிகச் சிறியது. கோதுமையின் பெரிய மணிகளிலேயே முப்பது நாற்பதை ஒரு மில்லிமீட்டருக்குள் வரிசையாக வைக்கலாம். ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸில் ஒவ்வொரு மணியும் நீரை உறிஞ்சி வீங்கத் தொடங்கும். மாவு ஒரு பிடியாகச் சூடான திரவத்தில் விழுந்தால், பிடியின் வெளிப்புற மணிகள் சட்டென்று வீங்கி, ஒட்டி, நீர் புகாத உறையாகிவிடும். உள்ளே உலர்ந்த மாவு அப்படியே மாட்டிக்கொள்ளும். அதன்பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் கட்டி கரையாது. நீர் உள்ளே போக வழியே இல்லை.

ஆகவே எந்தக் கெட்டி சாஸிலும் முதல் வேலை, சூடு ஏறுவதற்கு முன் மணிகளைத் தனித்தனியாகப் பிரிப்பது. கூழில் அதைக் குளிர்ந்த நீர் செய்கிறது. பெஷமெலில் வெண்ணெய் செய்கிறது. உருகிய வெண்ணெயில் மைதாவைக் கிளறும்போது ஒவ்வொரு மணியின் மீதும் கொழுப்புப் பூச்சு படிகிறது. பால் வந்து சேரும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரவிவிடுகின்றன. இந்த வெண்ணெய்–மாவுக் கலவையைச் சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம் நுரைக்கவிட வேண்டும். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு நீர் இருக்கிறது. அந்த நீர் போய், கலவை நூறு டிகிரியைத் தாண்டும்போது பச்சை மாவு வாசனை மறைந்து, வறுத்த வாசனை எழும். நிறம் மாறும்வரை விட வேண்டாம். மாவு சிவக்கச் சிவக்க மாவுச்சத்துச் சங்கிலிகள் அறுபட்டு, கெட்டியாக்கும் திறன் குறைந்துகொண்டே போகும். லசானியாவில் நமக்கு எழுநூறு கிராம் நீரைக் கட்டிவைக்க வேண்டியிருக்கிறது. சங்கிலிகளை வீணாக்க முடியாது.

பால் சூடாக இருக்க வேண்டுமா, குளிர்ந்திருக்க வேண்டுமா என்ற வழக்கு சமையல்காரர்களிடையே தீராதது. இரண்டும் வேலை செய்யும். குளிர்ந்த பால் எனக்குப் பிடிக்கும். கலக்குவதற்குக் கையில் நேரம் கிடைக்கிறது, கழுவ ஒரு பாத்திரம் குறைகிறது. முதல் கரண்டிப் பாலில் கலவை விகாரமாக இறுகும். பயப்படாமல் விஸ்க்கால் அடித்து வழவழப்பாக்கிவிட்டு அடுத்த கரண்டியை விடுங்கள். சூடு 60-ஐத் தாண்டி 80, 90 என்று ஏறும்போதுதான் நாடகம். மணிகள் தம் முந்தைய அளவைவிடப் பன்மடங்கு வீங்கி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகர முடியாமல் நிற்கின்றன. அவற்றிலிருந்து அமைலோஸ் என்னும் நீண்ட மூலக்கூறுகள் கசிந்து பாலில் பரவுகின்றன. பால் அங்கேதான் இருக்கிறது, ஆனால் ஓட முடியவில்லை. கரண்டியின் பின்புறத்தில் பூசிக்கொண்டு, விரலால் கோடு கிழித்தால் கோடு நிற்கும் பதம் வந்ததும் இறக்கலாம். ஆறும்போது மேலே ஆடை படியாமல் இருக்க மூடி வையுங்கள்.

இறைச்சிச் சாஸுக்கு வருவோம். போலோன்யாக்காரர்கள் ராகு என்பார்கள். இத்தாலிய சமையல் கழகம் 1982-இல் அந்நகர வணிகச் சபையில் இதன் செய்முறையைப் பதிவுசெய்து வைத்தது. அதில் நம்மை வியக்கவைப்பது தக்காளியின் அளவு: ஐந்து மேசைக்கரண்டி. உலகின் பிற பகுதிகளில் லசானியா என்ற பெயரில் தக்காளிக் குளம் வெட்டுகிறார்கள். சொந்த ஊரில் அது மாட்டிறைச்சியும் பன்றிக்கொழுப்பும் பாலும் ஒயினும் சேர்ந்து வற்றிய, கிட்டத்தட்டத் தொக்குப் பதத்திலான பண்டம். தக்காளி ஓரமாக ஒரு வேடம் கட்டி வந்துபோகிறது.

நாம் 400 கிராம் கொத்துக்கறி வைத்துச் செய்தாலும் அடிப்படை ஒன்றே. முதலில் இறைச்சி பழுப்பாக வேண்டும். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி-கமீய் மயார் 1912-இல் விவரித்த வினை இது. புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் உயர்ந்த சூட்டில் கூடி, நூற்றுக்கணக்கான புதிய மணங்களையும் பழுப்பு நிறத்தையும் உண்டாக்குகின்றன. இது வேகமாக நடக்க 140 டிகிரி அளவில் சூடு தேவை. நீர் இருக்கும் இடத்தில் சூடு நூறைத் தாண்டாது. கறி முழுவதையும் ஒரே நேரத்தில் சட்டியில் கொட்டினால், சூடு பட்டுச் சுருங்கும் புரதங்கள் நீரைப் பிழிந்துவிட, கறி தன் சாற்றிலேயே சாம்பல் நிறத்தில் அவியும். அகலமான சட்டி, நல்ல தீ, இரண்டு தவணை: கொஞ்சம் பொறுமை. அடியில் ஒட்டிய பழுப்பைச் சுரண்டிச் சாஸில் சேர்ப்பது கட்டாயம். சுவையின் சாரம் அங்கேதான் இருக்கிறது.

பிறகு பொடியாக நறுக்கிய வெங்காயம், கேரட், செலரி. இவை நன்றாகக் குழையும்வரை தக்காளியைச் சேர்க்கக் கூடாது. காய்களின் செல் சுவர்களைப் பிடித்துவைத்திருக்கும் பெக்டின், அமிலத்தில் எளிதில் கரைவதில்லை. தக்காளி வந்தபின் அரைவேக்காட்டுக் கேரட் ஒரு மணி நேரம் கொதித்தாலும் கடுக்கென்றே இருக்கும். அதன்பின் 400 கிராம் தக்காளிக் கூழை விட்டு, மிகச் சிறு தீயில் ஒன்றரை மணி நேரம். இந்த நேரத்தில் இறைச்சியின் கொலாஜன் மெல்ல ஜெலட்டினாக மாறிச் சாஸுக்குப் பிசுக்குத் தருகிறது; நீரைக் கட்டிவைக்க இன்னொரு ஆள். அவசரத்துக்குக் குக்கரில் வைக்கலாம். ஆனால் குக்கர் மூடிய பாத்திரம். நீர் பெரும்பாலும் உள்ளேயே நின்றுவிடும். திறந்தபின் கால்மணி நேரமாவது வற்றவிடாமல் நேராக லசானியாவில் ஊற்றினால் மேலே சொன்ன வெள்ளம்தான்.

சைவமாகச் செய்பவர்களுக்கு நீர்க்கணக்கு இன்னும் கறாரானது. காளான், கத்தரிக்காய், பசலைக்கீரை எல்லாமே பச்சையாக அடுக்கினால் ஓவனுக்குள் நீரைக் கொட்டும். காளானைச் சட்டியில் போட்டு அதன் நீர் முழுவதும் வெளியேறிச் சுண்டி, பழுப்பாகும்வரை வதக்கிவிடுங்கள். பயம் வேண்டாம், காளானின் செல் சுவர் கைட்டின் என்ற பொருளால் ஆனது, எவ்வளவு வெந்தாலும் குழையாது. கத்தரிக்காயை உப்பிட்டு வைத்தால் சவ்வூடு பரவலில் நீர் வெளியேறும், துடைத்துவிட்டு வறுக்கலாம். கீரையை வதக்கியபின் கையால் இறுகப் பிழிய வேண்டும். போலோன்யாவின் பாரம்பரிய லசானியா பச்சை நிறமாக இருப்பதே மாவில் கீரையைப் பிசைவதால்தான்; அங்கும் பிழிந்த கீரைதான்.

தக்காளியே இல்லாத காலத்திலும் லசானியா இருந்தது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேப்பிள்ஸ் அரசவையோடு தொடர்புடையதாகக் கருதப்படும் 'லிபெர் தெ கொக்வினா' என்ற லத்தீன் சமையல் நூலில் இது இருக்கிறது. மாவை மெல்லியதாகத் தேய்த்துச் சதுரமாக நறுக்கி, உப்புநீரில் வேகவைத்து, துருவிய சீஸும் மசாலாப் பொடியும் தூவித் தூவி அடுக்கி, கூரான மரக்குச்சியால் குத்திச் சாப்பிட வேண்டும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து தக்காளி வந்து சேர அதன்பின் இருநூறு ஆண்டுகள் ஆயின. சாஸாக அது இத்தாலிய நூல்களில் இடம்பிடிக்க 17-ஆம் நூற்றாண்டின் இறுதி ஆயிற்று. 1390 வாக்கில் இங்கிலாந்து அரசன் இரண்டாம் ரிச்சர்டின் சமையல்காரர்கள் தொகுத்த நூலிலும் 'லொசைன்ஸ்' என்று ஒரு சீஸ் அடுக்கு வருகிறது. அதைக் காட்டி லசானியா எங்கள் சொத்து என்று சொல்லும் ஆங்கிலேயர்களும் உண்டு. தேதியைப் பார்த்தாலே வழக்கு தள்ளுபடி.

சீஸில் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி: பனீர் போடலாமா? மேலே போட்டால் உருகாது. உள்ளே போட்டால் நன்றாகவே இருக்கும். இதற்குப் பாலின் கேசீன் புரதத்தைத்தான் கேட்க வேண்டும். மொசரெல்லா ரென்னட் என்ற நொதியால் உறையவைக்கப்படுவது. அதில் கேசீன் திரள்களைக் கால்சியம் இணைத்து வைத்திருக்கிறது. சூடு ஏறும்போது அந்த இணைப்புகள் தளர்ந்து புரதங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. அதுதான் உருகுவது. மொசரெல்லாவின் தயிர்க்கட்டியை வெந்நீரில் இழுத்து இழுத்துப் பிசைந்திருப்பதால் புரதம் நார்நாராக நிற்கிறது. அதனால் அது நீள்கிறது. பனீரோ கொதிக்கும் பாலில் எலுமிச்சையோ வேறு அமிலமோ விட்டுத் திரித்தது. அமிலம் கால்சியத்தைக் கரைத்து விலக்கிவிட, புரதங்கள் நேரடியாக ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. சூடேற்றினால் அவற்றிடமிருந்து நீர்தான் வெளியேறும், பிடி விடாது. பனீர் டிக்கா கம்பியிலிருந்து ஒழுகாமல் இருப்பது இதனால்தான். இத்தாலியின் ரிக்கோட்டாவும் சூட்டாலும் அமிலத்தாலும் திரிவது, அதுவும் உருகாது. நேப்பிள்ஸில் நோன்புக் காலத்துக்கு முந்தைய கார்னிவல் கொண்டாட்டத்தில் செய்யும் லசானியாவில் பெஷமெலே கிடையாது. ரிக்கோட்டாவும் சிறு கோளா உருண்டைகளும்தான். எனவே பனீரைத் துருவி, கொஞ்சம் பால் விட்டு மசித்து உள்ளடுக்கில் பரப்புவதை யாரும் குறையாகச் சொல்ல முடியாது.

மேலடுக்குக்கு மொசரெல்லாதான் சரி. பீட்சாவில் பல சீஸ்களை ஒப்பிட்டு 2014-இல் வெளியான நியூசிலாந்து ஆய்வு ஒன்று காரணத்தைக் காட்டியது. மொசரெல்லாவுக்கு இழுவை அதிகம். உள்ளே நீராவி கொப்புளம் எழுப்பும்போது கிழியாமல் விரிந்து கொடுக்கிறது. கொப்புளத்தின் உச்சியிலிருந்து கொழுப்பு வழிந்துவிட, அந்த இடம் காய்ந்து பழுப்புப் புள்ளியாகிறது. செடார் அவ்வளவு விரியாது. பார்மசானை அடுக்குகளுக்கிடையே தூவுங்கள். முதிரும் மாதங்களில் அதன் புரதம் உடைந்து, நூறு கிராமுக்கு ஒரு கிராமுக்கும் மேல் குளூட்டமேட் சேர்ந்திருக்கும். ஜப்பானின் கிக்குனே இகேதா 1908-இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்து உமாமி என்று பெயர் சூட்டிய சுவைக்குக் காரணமான அதே பொருள். சைவர்கள் கவனிக்க: இத்தாலியின் அசல் பார்மிஜானோ-ரெஜ்ஜானோவில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் விதி. பச்சைப் புள்ளியிட்ட, நுண்ணுயிர் ரென்னட்டில் செய்த சீஸ்கள் இங்கே கிடைக்கின்றன.

அடுக்குவதில் சொல்ல அதிகம் இல்லை. அடியில் முதலில் சாஸ், அதன்மேல் ஷீட், இறைச்சி, வெள்ளை சாஸ், பார்மசான். இப்படி நான்கு சுற்று. ஷீட்டின் எந்த மூலையும் சாஸ் படாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீர் தொடாத மூலை வேகாது. மேல் ஷீட்டை வெள்ளை சாஸால் முழுக்க மூடி, மொசரெல்லாவைத் தூவுங்கள்.

ஓவன் 180 டிகிரி, முன்பே சூடாக்கியது. காற்று 180-இல் இருந்தாலும் லசானியாவின் உள்ளே நீர் இருக்கும்வரை நூறைத் தாண்டாது. மேற்பரப்போ நீரை இழந்துகொண்டே இருக்கும். முதல் 25 நிமிடம் ஃபாயிலால் மூடி வைப்பது எதற்கென்றால், அந்த நீராவி ஓடிப்போகாமல் ஷீட்டை வேகவைக்க. அடுத்த 15, 20 நிமிடம் திறந்து வைப்பது, மேற்பரப்பு காய்ந்து மயார் வினை தொடங்க. வரிசையை மாற்றினால் மேலே கருகி உள்ளே வேகாது. ஓ.டி.ஜி. என்றால் கடைசிக் கட்டத்தில் மேல்கம்பி மட்டும். வெறும் மைக்ரோவேவ் உள்ளேயுள்ள நீரைத்தான் சூடாக்கும், மேலே பழுப்பாக்காது. கன்வெக்‌ஷன் வசதி வேண்டும். கத்தியை நடுவில் செருகினால் தடையில்லாமல் அடிவரை இறங்க வேண்டும், ஓரங்களில் சாஸ் கொதித்துக் குமிழியிட வேண்டும்.

இப்போது வெட்டாதீர்கள். எல்லாம் சரியாகச் செய்தவர்கள்கூடத் தோற்பது இந்த இடத்தில்தான். ஓவனிலிருந்து வந்த நொடியில் வெள்ளை சாஸ் கிட்டத்தட்ட 95 டிகிரியில் இருக்கிறது. அந்தச் சூட்டில் அது இன்னும் ஓடும் திரவம். உருகிய சீஸும் அப்படியே. ஆற ஆற, கசிந்து பரவிய அமைலோஸ் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வலையாகின்றன. சீஸின் புரதங்களும் மறுபடி கைகோக்கின்றன. பாஸ்தா மிச்சமிருந்த தளர்ந்த நீரையும் இழுத்துக்கொள்கிறது. இதற்குக் கால்மணி நேரம் போதும், இருபது நிமிடம் என்றால் இன்னும் நல்லது. ஆறிப்போய்விடுமே என்ற கவலை தேவையில்லை. கெட்டியான சாஸுக்குள் நீர் சுழன்று ஓட முடியாததால் உள்சூடு வெளியே வருவது மிகவும் மெதுவாகத்தான் நடக்கும். லசானியா சாப்பிட்டு மேலண்ணத்தைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இது தெரியும்.

மிஞ்சியதை எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்து, அலுமினிய ஃபாயிலால் மூடி, ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் ஒரு விசித்திரத்தைப் பார்க்கலாம். சாஸ் தொட்ட இடங்களில் ஃபாயில் பொத்துப்போயிருக்கும். அதற்கு நேர் கீழே உணவின்மேல் சாம்பல் நிறப் புள்ளிகள் இருக்கும். எலியோ பூச்சியோ காரணமல்ல. இரண்டு வெவ்வேறு உலோகங்கள், நடுவே உப்பும் அமிலமும் கலந்த ஈரம்: இது ஒரு மின்கலம். ஃபாயில் பாத்திரத்தின் விளிம்பைத் தொடுவதால் சுற்று முழுமையாகிறது. அலுமினியம் எலெக்ட்ரான்களை எளிதில் இழக்கும் உலோகம். வழக்கமாக அதைக் காக்கும் ஆக்சைடு படலத்தைச் சாஸின் உப்பு துளைத்துவிட, அது கரைந்து சாஸுக்குள் இறங்குகிறது. உலோக அரிப்பைப் படிப்பவர்கள் இதற்கு லசானியா மின்கலம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இவ்வகை அரிப்பின் பொதுப்பெயரான கால்வானிக் அரிப்பு, தவளைக் கால்களில் மின்சாரத்தை ஆராய்ந்து 1791-இல் நூல் வெளியிட்ட லூயிஜி கால்வானியின் பெயரைத் தாங்கியது. அவர் பிறந்ததும் பாடம் நடத்தியதும் போலோன்யாவில். புள்ளி விழுந்த பகுதியைச் சுரண்டி எறிந்துவிடலாம். கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தாலோ, ஃபாயிலுக்குப் பதில் மூடி போட்டாலோ இந்தச் சோதனைக்கே இடமில்லை.

ஃபிரிட்ஜில் இரவு கழித்த லசானியா கத்திக்கு அழகாக வெட்டுப்படும், ஆனால் பாஸ்தா விறைத்திருக்கும். மாவுச்சத்து மூலக்கூறுகள் குளிரில் மீண்டும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு நீரை வெளியே தள்ளுவதன் விளைவு அது. 60, 70 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் பெரும்பகுதி தளர்ந்துவிடும். நீர் மட்டும் அருகில் இருக்க வேண்டும். ஒரு துண்டுக்கு ஒரு மேசைக்கரண்டிப் பால் தெளித்து, மூடிச் சூடாக்குங்கள்.